ராஜகிரிக் குரங்கு

கோமளமும் ஐவியும் சிநேகிதமானது அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில், 'கரண்டு' வைக்கும் அறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில். கதிர்வீச்சு சிகிச்சைக்கு நோயாளிகள் வைத்திருந்த பெயர் அது. தொண்ணூற்றாறாம் வருஷத்து வெயில் காலம். கோமளத்துக்கு மயிலாப்பூரில், தெற்கு மாட வீதியை ஒட்டிய சந்தில் வீடு. வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஐவி சாந்தோம்காரி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கோமளத்தைவிட ஆறேழு வயது சின்னவள். கோமளத்துக்கு இடது மார்பை எடுத்திருந்தார்கள். ஐவிக்கு வலது.

"நம்ம ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சுத் தெச்சா ஒரு முழு பொம்பளை தேறும்க்கா" என்றாள் ஐவி, பழகி ஒரு வாரம்கூட ஆகாதபோது.

கோமளம் திடுக்கிட்டுப் போனாள். சுற்றிலும் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வியாதி வந்த நாளிலிருந்து அதைப் பற்றி யாரும் அவளிடம் நேராகப் பேசியதில்லை. உறவுக்காரர்கள் 'உடம்பு தேவலையா' என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். இவள் ஒருத்திதான் பெயரைச் சொல்லிப் பேசினாள்.

பெஞ்சுக்கு எதிரே சுவரில் ஒரு சுற்றுலாக் காலண்டர் தொங்கியது. அந்த மாதத்துக்குச் செஞ்சிக்கோட்டை. பாறைமேல் பாறையாக அடுக்கி வைத்த மலை, உச்சியில் சின்னதாக ஒரு கட்டடம். முறைக்குக் காத்திருந்த நாட்களில் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மெட்ராஸ்லேர்ந்து இவ்வளவு கிட்டக்க இருக்கு. நான் பார்த்ததே இல்லை" என்றாள் கோமளம்.

"முடிஞ்சதும் போலாம். எங்க வண்டி இருக்கு. ஸ்கவுட்ஸ் டென்ட் எங்க ஸ்கூல்ல சும்மாதான் கிடக்கு. ஓட்டல் ரூமெல்லாம் வேணாம், வழியில புடிச்ச இடத்துல டென்ட் அடிச்சுத் தங்கலாம்."

ஆஸ்பத்திரியில் பேசுகிற பேச்சு ஆஸ்பத்திரியோடு போய்விடும் என்றுதான் கோமளம் நினைத்தாள். ஆனால் சிகிச்சை முடிந்து தலைமுடி மறுபடி முளைத்த பிறகும் ஐவி மயிலாப்பூருக்கு வந்துபோய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் வரும்போது, தான் தைத்த ஒரு உருண்டைத் துணிப் பையைக் கொண்டுவந்தாள். மேலே மெல்லிய பருத்தி, சுற்றிலும் பஞ்சு, நடுவில் கேழ்வரகு.

"வெறும் பஞ்சுன்னா ஒரு பக்கம் மேல ஏறிக்கும்க்கா. உள்ளே கேவுரு போட்டா கனம் சரியா நிக்கும். நான் அதான் போட்டுக்கறேன்."

உள்ளே வைத்துப் பார்த்துக்கொண்டு கோமளம் கண்ணாடி முன்னால் நின்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு புடவை சரியாக உட்கார்ந்தது.

அவள் கணவர் ஸ்ரீரங்கன் மவுண்ட் ரோட்டில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரி. ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டு வேலை முழுவதையும் அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார். வெந்நீர் வைப்பார், மாத்திரை எடுத்துக் கொடுப்பார், கறிகாய் நறுக்குவார். ஆனால் அந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். அவள் புடவை மாற்றினால் அறையை விட்டு வெளியே போய்விடுவார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே தன் படுக்கையைக் கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். "உள்ளே ஃபேன் சத்தம் போடறது" என்றார். கோமளம் காரணம் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும் என்று நினைத்தாள்.

அரைப் பரீட்சை முடிந்து, கிறிஸ்துமஸும் கழிந்த மறுநாள் ஐவியின் கணவர் ஆம்ப்ரோஸ் வந்து நின்றார். மட்டடார் வேன் வைத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர்.

"சார், வண்டி ரெடியா கீது. பசங்க சீட்டெல்லாம் கழட்டிட்டேன். நீங்க சும்மா உக்காந்துக்கினு வந்தாப் போதும்."

"எங்கே?"

"செஞ்சி சார். ஐவி சொல்லலியா? வழியில கடப்பாக்கம், திருவக்கரை எல்லாம் பாத்துக்கினே போலாம்."

ஸ்ரீரங்கன் மனைவியைப் பார்த்தார். "டிசம்பர் சீசன்ல மெட்ராஸை விட்டு யாராவது போவாளா? அதுவும் கூடாரத்துல படுத்துண்டு? பூச்சி பொட்டு இருக்கும். தண்ணி எப்படியோ. உனக்கு இன்ஃபெக்‌ஷன் ஆகப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"நீங்க வரலைன்னா பரவாயில்லை. நான் போய்ட்டு வரேன்" என்றாள் கோமளம்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னதில்லை. ஸ்ரீரங்கன் பரணிலிருந்து, படுக்கை சுருட்டிக் கட்டும் ஹோல்டாலை இறக்கினார்.

புறப்படும்போது வேனில் பாதி இடத்தை அவருடைய சாமான்களே அடைத்துக்கொண்டன. கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர் இரண்டு குடம், டெட்டால், கொசு வலை, பம்ப் ஸ்டவ், காபிப் பொடி, ஃபில்டர், ஒரு குடை. ஆம்ப்ரோஸ் எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கட்டினார். திருவான்மியூர் தாண்டியதும் சவுக்குத் தோப்புகள் வந்தன. சாலை வேலை நடந்துகொண்டிருந்ததால் வண்டி குலுங்கிக் குலுங்கிப் போயிற்று. ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஸ்ரீரங்கன், "மெள்ள, மெள்ள" என்றார். மாமல்லபுரத்தில் யானைச் சிற்பத்தின் முன்னால் நின்று சுற்றுலாப் புத்தகத்திலிருந்து உரக்கப் படித்தார். ஐவி அதைக் கேட்காமல் பாறையின் நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றாள்.

முதல் ராத்திரிக்குக் கடப்பாக்கத்தில், ஆலம்பரைக் கோட்டைக்கு வெளியே, கழிமுகத்து மணலில் டென்ட் அடித்தார்கள். கோட்டை என்று சொன்னாலும் பாதிச் சுவர்தான் நின்றது. செங்கல்லும் சுண்ணாம்பும் உப்புக் காற்றில் அரித்துப்போய்க் கிடந்தன. அந்தப் பக்கம் உப்பங்கழி, அதற்கப்பால் மணல் திட்டு, அப்புறம் கடல். மணலில் முளை பிடிக்கவில்லை. ஸ்ரீரங்கன் உள்ளே உட்கார்ந்து மாத்திரை டப்பாவை அடுக்கிக்கொண்டிருந்தபோது சாயங்காலக் காற்று ஒரு தூக்குத் தூக்கியது. டென்ட் அப்படியே அவர்மேல் சரிந்தது. கான்வாஸுக்கு அடியில் அவர் நாலு பக்கமும் முட்டிக்கொண்டு அலைவது வெளியே தெரிந்தது.

"சார், அசையாதீங்க! அசைஞ்சா சுத்திக்கும்!" என்று கத்திக்கொண்டு ஆம்ப்ரோஸ் ஓடினார்.

வெளியே வந்தபோது ஸ்ரீரங்கனின் மூக்குக்கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. ஐவி வாயைப் பொத்திக்கொண்டாள். கோமளம் பொத்திக்கொள்ளவில்லை. சிரித்தாள். ஸ்ரீரங்கன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் மணலைத் தட்டிவிட்டு ஸ்டவ்வைப் பற்றவைக்கப் போய்விட்டார். ஆம்ப்ரோஸ் கோணிப்பைகளில் மணலை நிரப்பிக் கயிற்றை அதில் கட்டினார். அதன் பிறகு டென்ட் நின்றது. பெண்கள் வேனிலும் ஆண்கள் டென்ட்டிலும் படுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் மரக்காணம், திண்டிவனம் வழியாகத் திருவக்கரைக்குப் போனார்கள். வெட்டவெளியில் கல்மரங்கள் கிடந்தன. வெட்டிப்போட்ட அடிமரங்கள் என்றுதான் தூரத்திலிருந்து தோன்றியது. கிட்டே போனால் எல்லாம் கல். பட்டை தெரிந்தது, கிளை முறிந்த கணு தெரிந்தது. ரெண்டு கோடி வருஷம் ஆகிறது என்று பலகையில் எழுதியிருந்தது. கோமளம் ஒரு மரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வெயிலில் சூடேறியிருந்தது.

"இடது கையை ஊணாதே. வீங்கிக்கும்" என்றார் ஸ்ரீரங்கன் பின்னாலிருந்து. ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையில் பாரம் விழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஊணலை. சும்மா தொட்டேன்."

"தொடவும் வேண்டாம்."

அன்றைக்குச் செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு வேர்க்கடலைக் கொல்லையில் தங்கினார்கள். சொந்தக்காரர் பம்புசெட்டுக்குப் பக்கத்தில் இடம் காட்டினார். காலையில் கோமளமும் ஐவியும் உடுத்திய புடவையோடு தொட்டியில் இறங்கிக் குளித்தார்கள். தண்ணீர் முதுகில் கொட்டியபோது கோமளம் கத்திவிட்டாள். அத்தனை ஜில்லிப்பு.

"இந்த வருஷம் மார்கழில கோலமும் இல்லை, கச்சேரியும் இல்லை. பம்புசெட்டு ஸ்நானம்தான்" என்றாள்.

"நல்லாத்தானே கீது?" என்றாள் ஐவி, ஆம்ப்ரோஸ் மாதிரியே இழுத்து.

செஞ்சிக்கோட்டையின் பெரிய மலையான ராஜகிரியில் ஏற ஆரம்பித்தபோது வெயில் ஏறவில்லை. கல்யாண மஹாலையும் களஞ்சியத்தையும் பார்த்துவிட்டு, படிக்கட்டுக்கு வந்தார்கள். ஸ்ரீரங்கன் குடையையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டார். கோமளம் வலது தோளில் ஒரு மஞ்சள் பையை மாட்டிக்கொண்டாள். அதில் வாழைப்பழமும் ஒரு துண்டும் இருந்தன. ஐவி சிரமமில்லாமல் ஏறினாள். மற்றவர்கள் அங்கங்கே உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார்கள். பின்னால் ஏதோ கல்லூரியிலிருந்து டூர் வந்த பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

பாதி மலையில் கோமளத்துக்கு மூச்சு வாங்கியது. அது போகட்டும். உள்ளே வைத்திருந்த கேழ்வரகுப் பை வேர்வையில் நனைந்து தழும்பின் மேல் உரசியது. ஊசி குத்துகிற மாதிரி எரிந்தது. ஐவியிடம் காதோடு சொன்னாள்.

"எடுத்துடுங்கக்கா. இங்க யார் பாக்கப் போறாங்க?"

இடிந்த சுவருக்குப் பின்னால் போய், ஐவி முந்தானையைப் பிடித்துக்கொள்ள, கோமளம் அதை எடுத்து மஞ்சள் பையில் போட்டாள். காற்று பட்டதும் எரிச்சல் அடங்கியது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். ஸ்ரீரங்கன் பார்த்தார். ஒரு பக்கம் தட்டையாக இருப்பதை அவர் பார்த்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. உடனே முகத்தைத் திருப்பி எதிரே கோட்டையின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரியைப் பார்க்க ஆரம்பித்தார்.

எப்போதும் நடப்பதுதான். இருந்தாலும் அன்றைக்கு அவளுக்கு ரொம்ப வலித்தது. இத்தனை தூரம் வந்தும் இதுதானா என்று தோன்றியது. பையைப் பக்கத்தில் படியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

குரங்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. பை போய்விட்டது. தலைக்கு மேலே மதில் விளிம்பில் ஒரு தாட்டியான குரங்கு உட்கார்ந்து பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. வாழைப்பழச் சீப்பை அது எடுத்துக்கொண்டது. துண்டு கீழே விழுந்தது. மூன்றாவதாக விழுந்ததை இன்னொரு குரங்கு பிடித்துக்கொண்டு ஓடி, கொஞ்சம் தள்ளி ஒரு பாறைமேல் போய் உட்கார்ந்தது. முகர்ந்து பார்த்தது. தானிய வாசனை தெரிந்துவிட்டது. பல்லால் கடித்துத் துணியைக் கிழித்தது. கேழ்வரகு பொலபொலவென்று பாறையில் கொட்டியது.

"டேய், அங்க பாருடா, குரங்கு என்னமோ வெச்சிருக்கு!" என்றான் கல்லூரிப் பிள்ளைகளில் ஒருவன். எல்லாரும் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

கோமளம் எழுந்து நின்றாள். முந்தானையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஐவி அவள் தோளைப் பிடித்தாள். "விடுங்கக்கா. போனாப் போகுது. வேற தெச்சுக்கலாம்."

அப்போது ஸ்ரீரங்கன் ஓடினார். கையில் குடையோடு படியை விட்டிறங்கி, சறுக்குப் பாறையில் நாலு காலால் தவழ்கிற மாதிரி ஏறினார். அவர் அப்படி ஓடி கோமளம் பார்த்ததே இல்லை.

"ஏய்! வை அதை! கீழே வைடா!" அவர் குரல் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. "அது என் ஆம்படையாளோடதுடா! வை!"

குரங்கு பல்லைக் காட்டிச் சீறியது. அவரும் குடையை விரித்துச் சீறினார். கால் வழுக்கி முட்டி உரசிற்று. மறுபடி எழுந்தார். ஆம்ப்ரோஸ் பின்னாலேயே ஓடி, சட்டைப் பையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து, "சார், இருங்க, இருங்க, பேரம் பேசலாம்" என்று நாலு பிஸ்கட்டைப் பக்கத்துப் பாறையில் வீசினார். குரங்கு யோசித்தது. துணியைப் போட்டுவிட்டுப் பிஸ்கட்டுக்குத் தாவியது.

ஸ்ரீரங்கன் இறங்கி வந்தார். வேட்டியில் முட்டியருகே ரத்தக்கறை. மிச்சக் கேழ்வரகு கொட்டிவிடாமல் கிழிசலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தார். கோமளத்தின் முன்னால் வந்து, துணியிலிருந்த தூசியை ஊதிவிட்டு, அவள் கையில் கொடுத்தார். இதுவரை அவர் அதைத் தொட்டதில்லை.

கல்லூரிப் பெண் ஒருத்தி கிட்டே வந்தாள். "என்ன அங்கிள் அது? பொம்மையா?"

கோமளம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இல்லைம்மா" என்றார் ஸ்ரீரங்கன், மூச்சு வாங்க. "இவளுக்குக் கேன்சர் வந்து ஒரு மார்பை எடுத்துட்டா. அதுக்குப் பதிலா வெச்சுக்கறது."

பையன்கள் காலடியைப் பார்த்தார்கள். அந்தப் பெண் தன் தாவணியிலிருந்து ஊக்கு ஒன்றைக் கழற்றிக் கோமளத்திடம் நீட்டினாள். "கிழிசலுக்குக் குத்திக்குங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுத் தோழிகளோடு மேலே ஏறிப் போனாள்.

ஐவிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "கேவுருக்குப் பதிலா மணல் போட்டுத் தெச்சிருக்கணும்க்கா" என்று ஆரம்பித்தவள், படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கோமளமும் சிரித்தாள். எது சிரிப்பு எது அழுகை என்று அவளுக்கே தெரியவில்லை. ஆம்ப்ரோஸ் மனைவியின் கையைப் பிடித்து எழுப்பி, "வா, நாம முன்னால போய்க்கினே இருப்போம்" என்று கூட்டிக்கொண்டு போனார்.

ஸ்ரீரங்கன் கோமளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கோமளம் தண்ணீரால் துண்டை நனைத்து அவர் முட்டியைத் துடைத்தாள்.

"இதுக்குப் போய் ஓடணுமா? விழுந்து காலை உடைச்சுண்டா?"

"எல்லாரும் பார்த்துண்டு நிக்கறா. நீ முந்தானையைப் பிடிச்சுண்டு நின்னது எனக்குச் சகிக்கலை."

துண்டைப் பிழிந்தபடி கோமளம் சொன்னாள். "உங்களுக்கு என்னைப் பார்க்கவே பிடிக்கலைன்னு நினைச்சேன். அதான் கூடத்துக்குப் போய்ட்டேள்னு."

அவர் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். "அசடே. தூக்கத்துல நான் கையைத் தூக்கிப் போடுவேன்னு உனக்குத் தெரியாதா? தையல் போட்ட இடத்துல இடிபடவே கூடாதுன்னார் டாக்டர். பயந்துண்டு போனேன்."

"தையல் பிரிச்சு எத்தனை மாசமாறது?"

"அப்பறம் எப்படித் திரும்பி வரதுன்னு தெரியலை. நீயும் கூப்பிடலை."

"புடவை மாத்தினா எழுந்து போறேளே?"

"நான் பார்த்தா உனக்குக் கஷ்டமா இருக்கும்னு..." என்று சொல்லி நிறுத்தினார்.

கோமளத்துக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஏழெட்டு மாதமாக இரண்டு பேரும் ஒரே வீட்டில் இப்படித் தனித்தனியாகப் பயந்துகொண்டு இருந்திருக்கிறார்கள். சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். "நன்னா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். கிழிந்த பையை ஊக்கால் குத்தி அவரிடமே கொடுத்தாள். அவர் அதைத் தன் ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார். அவள் அப்படியே, ஒரு பக்கம் தட்டையாகவே, எழுந்து ஏறினாள்.

உச்சிக்குக் கீழே பிளவின் மேல் ஒரு பாலம் இருந்தது. கீழே பார்க்காமல் தாண்டினார்கள். மேலே அரங்கநாதர் கோயில், இன்னொரு களஞ்சியம், ஒரு பீரங்கி. காற்று அள்ளிக்கொண்டு போயிற்று. மழைக்காலம் முடிந்து ஏரிகளெல்லாம் நிரம்பி, வயல்களுக்கு நடுவே பளபளவென்று கிடந்தன. ஐவி சுவரோரம் தனியாக நின்றிருந்தாள். கோமளம் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"ஜனவரில செக்கப்க்கா" என்றாள் ஐவி. அவள் குரலில் வழக்கமான விளையாட்டு இல்லை. "நெனைச்சா தூக்கமே வர மாட்டேங்குது. இவர்கிட்ட சொல்லலை."

"சொல்லிடு. இன்னிக்கே சொல்லு" என்றாள் கோமளம். "சொல்லாம இருந்தா அவர் வேற ஏதாவது நினைச்சுப்பார்."

ஐவி அன்று சாயங்காலமே சொன்னாள். ஜனவரியில் ரிப்போர்ட்டுகள் இரண்டு பேருக்கும் நல்லபடியாக வந்தன. ஆனால் அது அப்போது யாருக்கும் தெரியாது.

மறுநாள் ஊருக்குத் திரும்புகிற வழியில், திண்டிவனத்தில் டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தினார்கள். பக்கத்தில் எஸ்.டி.டி. பூத். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பிள்ளை அனிருத்துக்குப் பேசிவிட்டு வருகிறேன் என்று ஸ்ரீரங்கன் உள்ளே போனார். கண்ணாடிக் கதவு சரியாக மூடவில்லை. லைனில் இரைச்சல் போல, அவர் கத்திப் பேசினார்.

"அம்மா நன்னா இருக்காடா. மலை உச்சி வரைக்கும் ஏறினா. ஆமாம், அவளேதான்... நடுவுல ஒரு குரங்கு தூக்கிண்டு போயிடுத்து... எதையா? உங்கம்மா உள்ள வெச்சுக்கறதை... உள்ளேடா, மார்ல!"

பூத்துக்காரப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். டீ ஆற்றுகிறவர் கையை அப்படியே நிறுத்தினார்.

"ஹலோ? கேக்கறதா? அதுக்குள்ள கேழ்வரகுடா! குரங்கு தின்னுடுத்து!"

அந்தப் பக்கத்திலிருந்து அனிருத் என்ன சொன்னானோ, ஸ்ரீரங்கன் கதவில் சாய்ந்துகொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கோமளம் வடையைத் தட்டில் வைத்துவிட்டு, தானும் ஒரு வார்த்தை பேசலாம் என்று எழுந்து பூத்துக்குப் போனாள்.